பொன்னாடை போதும்

கொல்லிமலையில் ஒரு விழா மேடை. எந்த விழா, யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இப்படிப்பட்ட மேடைகள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மலையடிவாரத்திலிருந்து வந்திருந்த ஒரு உடுக்கைப் பாட்டுக்காரருக்கு 7 நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அண்ணன்மார் கதையில் கொம்பன் பன்றி வேட்டையை எடுத்துப் பாடினார். நேரம் முடிந்ததும் பொன்னாடை, கைதட்டல். என்னோடு வந்திருந்த நண்பர், நம் பத்திரிகைகளில் கவிதை எழுதுகிறவர், என் கையைப் பற்றிக்கொண்டு "ஆதிக்குரல்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அரை மணி கழித்து டீக்கடையில் அந்தப் பாட்டுக்காரரைப் பார்த்தேன். நன்றாயிருந்தது என்று நானும் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கீங்க சார், இன்னைக்குச் சரியா அமையலீங்க. பனிக்குத் தோல் தொய்ஞ்சு போச்சு. உடுக்கை ஏறவே இல்லை. ரெண்டு எடத்துல அடி தவறி, கதையத் தாவிட்டேன். நீங்க கவனிக்கலீங்களா?" என்றார்.

நான் கவனிக்கவில்லை. கண் கலங்கிய நண்பரும் கவனிக்கவில்லை. அன்று அந்த மலையில் இருந்த ஒரே விமர்சகர் பாடியவர்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். உடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரவு முழுதும் ஒரு காவியத்தைப் பாடுகிறவனுக்கு நாம் பொன்னாடை தருகிறோம், விருது தருகிறோம், அவனைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கிக்கொள்கிறோம். விமர்சனம் மட்டும் தருவதில்லை. விமர்சனம் தராத இடத்தில் கலைஞன் என்று அழைப்பது வெறும் உபசார வார்த்தை. எந்த உடுக்கைப் பாட்டுக்காரரின் எந்த இரவைப் பற்றியாவது, "முதல் இரவு நன்றாக இருந்தது, மூன்றாம் இரவில் சோர்ந்துவிட்டார், தங்காள் புலம்பலை அவசரப்படுத்திக் கெடுத்துவிட்டார்" என்று நம் பத்திரிகை எதிலாவது நான்கு வரி வந்ததுண்டா? நான் படித்த வரையில் இல்லை. ஆனால் 12 வரிக் கவிதை ஒன்றில் ஒரு படிமம் பிசகிவிட்டால் 12 பக்கம் சண்டை போட்டிருக்கிறோம். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கியதே பாராட்டு வேறு, விமர்சனம் வேறு என்று ஸ்தாபிக்கத்தான். அந்தப் பாடம் அச்செழுத்துக்கு மட்டும்தானா?

1965இல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ப்ரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயத்துப் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். ராமசாமி என்ற பாட்டுக்காரர், பின்பாட்டுக்குப் பழனிசாமி, கையில் உடுக்கை. அண்ணன்மார் கதை முழுவதையும் பல இரவுகள் பாடினார்கள். பெக் அதை ஒலிநாடாவில் பதிந்தார். 30 மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பாட்டு அது. 1982இல் அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு ஆய்வு நூல் எழுதினார். பிறகு 1992இல் கதையின் பாடமும் அச்சாயிற்று.

அதே ஆண்டுகளில் கைலாசபதி பர்மிங்ஹாமில் உட்கார்ந்து, சங்கப் பாட்டு பாணர்களின் வாய்மொழி மரபிலிருந்து வந்தது என்று நிறுவிக்கொண்டிருந்தார். 1968இல் அது நூலாக வந்தது. யூகோஸ்லாவியாவில் கூஸ்லே வாசித்துக்கொண்டு காவியம் பாடியவர்களை மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் பதிவு செய்து கண்ட உண்மைகளை அவர் புறநானூற்றுக்குப் பொருத்திப் பார்த்தார். பெரிய காரியம். அவரைக் குறை சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், இருந்தது இங்கிலாந்தில். நம்மைத்தான் சொல்கிறேன். அந்த நூலைப் படித்தோம், மேற்கோள் காட்டினோம், மறுத்தோம், ஆதரித்தோம். செத்துப்போன பாணனைப் பற்றி இவ்வளவு சர்ச்சை நடந்தபோது, உயிரோடு இருந்த பாணன் ஈரோட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில் பாடிக்கொண்டிருந்தான். யூகோஸ்லாவியாவின் பாட்டுக்காரன் நமக்கு ஆங்கிலப் புத்தகம் வழியாக வந்துசேர்ந்தான். ஓலப்பாளையத்துப் பாட்டுக்காரனும் கடைசியில் ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் வந்தான்.

பெக் அம்மையாரின் வேலை மானிடவியல். அந்தக் கதையில் குடி எப்படி, குலம் எப்படி, தெய்வம் எப்படி என்பது அவர் கேள்வி. பாட்டு நன்றாக இருந்ததா என்பது நம் கேள்வி. அதைக் கேட்க ஆளில்லை.

இனி, மேடையில் நாம் கவனிக்கத் தவறியது என்ன என்று பார்ப்போம். உடுக்கை பாட்டுக்குப் பக்கவாத்தியம் அல்ல. இடுப்பொடுங்கிய அந்தச் சின்ன வாத்தியத்தின் நடுவில் கயிறு இருக்கிறது. இடது கை அதை இறுக்க ஒலி ஏறும், தளர்த்த இறங்கும். வலது கை விரல்கள் தோலில் அடிக்கும். பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் கதை நின்றுபோகாமல் அது பிடித்துக்கொள்கிறது. வசனத்திலிருந்து பாட்டுக்குப் போகும் இடத்தை அதுதான் திறந்துவிடுகிறது. அடுத்த அடி நினைவுக்கு வராதபோது நேரம் வாங்கித் தருவதும் அதுதான். பாடுபவன் ஒருவன், வாசிப்பவன் ஒருவன் என்று பிரித்துப் பழகிய கச்சேரிக் காதுக்கு இது பிடிபடுவதில்லை. இங்கே தொண்டையும் விரலும் ஒரே மூளையின் வேலை. வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் பாதிப் பிரதிதான் கையில் இருக்கும். நாம் அந்தப் பாதியைத்தான் இலக்கியம் என்கிறோம்.

கதை மட்டும் தனியே எவ்வளவோ தூரம் போய்விட்டது. கவிஞர் சக்திக்கனல் அதைப் பதிப்பித்தார். மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று நாவல் எழுதினார். 2011இல் அது சினிமாவாயிற்று. பதிப்பைப் பற்றிப் பேசினார்கள், நாவலைப் பற்றிப் பேசினார்கள், சினிமாவைக் கிழித்தார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னும் பின்னும் அந்தக் கதையை உயிரோடு வைத்திருந்த உடுக்கைக்காரனை யாரும் கிழிக்கவில்லை. கிழிக்கும் அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

இது புதுப் பழக்கமும் அல்ல. நான் வேலை பார்க்கும் இந்த மலைக்கு உடையவனாயிருந்த ஓரியை வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூறு 152இல் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்தவனை யாரென்று தெரியாமல் சந்திக்கிறார்கள். விறலியிடம் பாடுவோம் என்று சொல்லி, முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று வாத்தியம் வாத்தியமாக ஆயத்தம் செய்யச் சொல்கிறார் புலவர். அரசன் பெயர் நமக்குத் தெரியும். புலவர் பெயர் தெரியும். வாத்தியங்களின் பெயர்கூட வரிசையாகத் தெரியும். வாசித்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

அடுத்த பாட்டு, 153, இன்னும் சுவாரசியமானது. ஓரி கொடுத்த கொடையில் பசி என்பதே இல்லாமல் போனதால்தானோ என்னவோ, போன சுற்றத்தார் ஆடவும் மாட்டாமல் பாடவும் மறந்துவிட்டார்கள் என்கிறார். வள்ளலின் புகழாகத்தான் எல்லோரும் இதைப் படிக்கிறோம். அப்படித்தான் சொல்லப்பட்டும் இருக்கிறது. ஆனால் ஒரு புலவர் கலைஞர்களைப் பார்த்து "பாட்டை மறந்துவிட்டார்கள்" என்று சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். பொன்னாடைக்குப் பின் பாட்டு என்னவாயிற்று என்ற கேள்வி இந்த மலையிலேயே எழுந்திருக்கிறது. எழுபதுகளில் 'கொல்லிப்பாவை' என்ற பெயரில் ஒரு சிறுபத்திரிகையே நடத்தியவர்கள் நாம். பெயரை எடுத்துக்கொண்டோம். அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

நண்பர்கள் இரண்டு ஆட்சேபம் சொல்கிறார்கள். முதலாவது: அந்தக் கலையின் இலக்கணம் நமக்குத் தெரியாதே, எந்த அளவுகோலை வைத்து விமர்சிப்பது?

அளவுகோல் அவர்களிடமே இருக்கிறது. பாட்டுக்காரர் "ஏறவில்லை" என்றாரே, அதுதான். அண்ணன்மார் கதை முடிவில் படுகளம் நடக்கிறது. வீரர்கள் பட்டு விழுந்த இடத்தில் ஜனங்களும் ஆவேசம் வந்து விழுகிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். உடுக்கை ஏறாவிட்டால் யாரும் விழமாட்டார்கள். இதைவிடக் கடுமையான விமர்சனக் கூடம் எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காவிலும் இதே கணக்குத்தான். ஜிம்பாப்வேயில் ஷோனா ஜனங்களின் வாத்தியம் மபிரா. பலகையில் பொருத்திய இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரலால் தட்டி வாசிக்கிறார்கள். ஒலி பெருக அதைச் சுரைக்குடுக்கைக்குள் வைப்பார்கள். முன்னோரின் ஆவியை வரவழைக்கும் இரவுகளில் அது வாசிக்கப்படுகிறது. ஆவி வந்ததா இல்லையா என்பதுதான் வாசிப்புக்குச் சோதனை. ஸ்டெல்லா சிவேஷே 1946இல் பிறந்தவர். வெள்ளையர் ஆட்சி நடந்த காலம். பாதிரிகளுக்கு அந்த வாத்தியம் பேய்ச் சமாசாரம். உள்ளூர் ஆண்களுக்கோ பெண்பிள்ளை தொடக்கூடாத பொருள். கற்றுத்தர ஆள் கிடைக்காமல் அலைந்து, குடும்பத்து முதியவர் ஒருவரிடம் கற்றார். 1974இல் முதல் இசைத்தட்டை இரவல் மபிராவில் பதிந்தார். பிறகு ஐரோப்பிய மேடைகள் எல்லாம் ஏறினார். 2023இல் இறந்தார். அவருக்கும் 'மபிரா ராணி' என்ற பட்டம் கிடைத்தது. அங்கேயும் பொன்னாடை உண்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை. பால் பெர்லினர் 1978இல் மபிராவைப் பற்றி எழுதிய நூலில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் தன் பெயரோடு, தன் வாழ்க்கையோடு, தன் பாணியோடு வருகிறார்கள். ஒருவர் சுருதி சேர்ப்பதும் இன்னொருவர் சேர்ப்பதும் ஒன்றல்ல என்று கேட்டு எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து போன ஒரு வெளியாளால் அவ்வளவு கேட்க முடிந்ததென்றால், அண்ணன்மார் கதை பாடும் மொழியிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இலக்கணம் தெரியாது என்பது சாக்கு.

இரண்டாவது ஆட்சேபம் நல்ல மனசிலிருந்து வருகிறது. பாவம், ஏழைகள்; அவர்களைப் போய்க் குறை சொல்வதா என்கிறார்கள். அவர்களுடைய ஏழ்மை எனக்குத் தெரியாததல்ல. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைத் தினமும் பார்க்கிறவன் நான். ஓய்வூதியம் வேண்டும், மருத்துவம் வேண்டும், பாடிய இரவுக்குச் சரியான கூலி வேண்டும். அவை அவர்களுக்குச் சேரவேண்டிய கடன்; அரசும் ஊரும் தீர்க்கவேண்டியவை. விமர்சகன் தரவேண்டியது வேறு. ஏழை என்பதற்காக ஒருவன் கலையைக் குறை சொல்லாமல் விடுவது கருணை இல்லை, அவனைக் கலைஞர்களின் வரிசையிலிருந்து இறக்கிப் பிச்சைக்காரர்களின் வரிசையில் நிறுத்துவது. புதுமைப்பித்தனும் ஏழைதான். அதற்காக அவர் கதைகளை யாரும் குறை சொல்லாமல் விடவில்லை.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். தெருக்கூத்தை ந. முத்துசாமியும் வெங்கட் சாமிநாதனும் கலையாகவே பார்த்து எழுதினார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரான் என்ற பெயர் நமக்கெல்லாம் தெரிவது முத்துசாமியால்தான். அவர்களால் முடிந்தது. ஆனால் கூத்தில் முகவேஷம் இருந்தது, அரங்கம் இருந்தது, நவீன நாடகத்துக்கு உதவும் என்ற நம்பிக்கை இருந்தது. கட்டிய வேட்டியோடு, ஒரு கையில் உடுக்கையோடு உட்கார்ந்து பாடும் ஒருவனிடம் நம் நவீனத்துக்கு எடுத்துக்கொள்ள ஏதுமில்லை என்று தோன்றிவிட்டது போலும். எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் கேட்போம் என்பது விமர்சகனின் காது அல்ல, வியாபாரியின் காது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடைக்கு மறுவாரம் அதே பாட்டுக்காரர் கணக்குத் தொடங்க வந்தார். விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு கட்டம். விவசாயம், வியாபாரம், சம்பளம், கூலி, இதரம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. 'கூலி' என்று எழுதினேன். இதரம் என்று குறித்து, உடுக்கைப் பாட்டு என்று பக்கத்தில் எழுதியிருக்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "சரீங்க சார்" என்று போய்விட்டார். ஆதிக்குரல் என்ற என் நண்பரைவிட நான் எந்த விதத்திலும் மேல் அல்ல.

வீரப்பூரில் மாசியில் அண்ணன்மாருக்குத் திருவிழா. இந்த வருஷம் லீவு போட்டுவிட்டுப் போகிறேன். அங்கே யார் பாடக் கிடைக்கிறார்களோ அவர்களை விடியும்வரை உட்கார்ந்து கேட்பேன். பாடியவர் சம்மதித்தால் பெயர் போட்டு எழுதி அனுப்புவேன். எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை என்று எழுதுவேன்; மோசமாயிருந்தால் மோசம் என்றும் எழுதுவேன். என் காது பிசகினால் அவரே திருத்தட்டும், அதையும் சேர்த்து எழுதுகிறேன். கவிதை விமர்சனத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் நான்கை ஆசிரியர் அதற்குத் தரவேண்டும்.