இரண்டாவது ரன்

எங்கள் வேலூர்ப் பக்கத்தைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு. மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்... இப்படிப் போகும். இதில் கோயிலை மட்டும் அடித்துவிடலாம். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். காலியான இடத்துக்கு நான் ஒன்று சேர்த்திருக்கிறேன். ஜவ்வு இல்லாத முட்டி. என்னுடைய வலது முட்டி.

சம்பவம் நடந்தது ஆம்பூரில், பாலாற்றில். 2021 நவம்பர் மாதிரி என்றைக்காவது கரை புரண்டு பயமுறுத்தும். மற்ற நாட்களில் அதில் தண்ணீர் ஓடாது. ஆகவே நாங்கள் ஓடுவோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் டென்னிஸ் பந்து கிரிக்கெட். அன்றைக்கு நான் அடித்த பந்துக்கு ஒரு ரன் நிச்சயம். இரண்டாவது ரன் பேராசை. "வா, வா!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். உடம்பு திரும்பியது. பாதம் மணலில் மாட்டிக்கொண்டு திரும்பவில்லை. நடுவில் இருந்த முட்டி, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் 'டப்' என்றது. முப்பத்துநாலு வயது ஆசாமியிடமிருந்து வரக்கூடாத சத்தம்.

விழுந்து கிடந்தவனுக்கு ஃபீல்டர்கள் செய்த முதலுதவி, ரன் அவுட்.

★ ★ ★

அடிபட்டவனைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கொரு வைத்தியம் கொண்டு வருவார்கள். பெரியப்பா, "டாக்ஸி வெச்சு புத்தூர் போயிட்டு வந்துடலாம்டா. கட்டுப் போட்டா பத்து நாள்ல எழுந்துடுவே" என்றார். எதிர்வீட்டு அக்கா தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார். நாலு கால் இருந்த ஆடு, ஒன்றரைக் கால் ஆசாமிக்காகத் தியாகம் செய்திருந்தது. குடித்தேன். நன்றாக இருந்தது. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்திருந்தால்தானே எலும்பு கூடுவதற்கு? போனது ஜவ்வு.

எம்.ஆர்.ஐ. எடுத்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்பக்கம் நழுவிவிடாமல் உள்ளே ஒரு கயிறு இழுத்துப் பிடித்திருக்கிறதாம். பெயர் ஏ.சி.எல். அதுதான் அறுந்திருக்கிறது.

"ஆபரேஷனா சார்?"

"அவசரமில்லே. மூணு மாசம் எக்சர்சைஸ் பண்ணுங்க. அப்பவும் முட்டி நழுவினா யோசிக்கலாம்."

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் டாக்டரை நம்புவதா, வேண்டாமா? வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஸ்வீடனில் இப்படி ஜவ்வு கிழிந்த 121 இளவட்டங்களை இரண்டு அணியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அணிக்கு உடனே ஆபரேஷன். 59 பேர் இருந்த இன்னொரு அணிக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த 59-ல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 23 பேர்தான். முட்டியின் நிலைமையில் இரண்டு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2010-ல் வெளியான ஆராய்ச்சி. (உடனே "எனக்கும் வேண்டாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஜவ்வோடு வேறு எது கிழிந்திருக்கிறது, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையெல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

★ ★ ★

பிசியோதெரபி ஹாலில் முதல் பாடம், முட்டிக்குக் கீழே சுருட்டி வைத்த டவலை அழுத்துவது. பத்து எண்ணும் வரை. பிறகு காலை நீட்டியபடி ஒரு ஜாண் தூக்குவது. இதுதானா என்று அலட்சியமாக ஆரம்பித்தேன். ஏழாவது தடவையில் வியர்த்துவிட்டது. முட்டி வீங்கினால் தொடையின் முன் தசை தானாகவே ஸ்ட்ரைக் செய்துவிடுமாம். இரண்டே வாரத்தில் என் வலது தொடை, தம்பியினுடையதைக் கடன் வாங்கி மாட்டிய மாதிரி இளைத்துப்போயிருந்தது.

மாடிப்படிக்கு மேடம் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். "ஏறும்போது நல்ல கால் முன்னால. இறங்கும்போது கெட்ட கால் முன்னால. கைத்தடி எப்பவும் நல்ல கால் பக்கம்." மூன்றாவது எனக்கு ஆச்சரியம். சினிமாவில் நொண்டுகிற முக்கால்வாசிப் பேர் தப்பான கையில்தான் தடி பிடிக்கிறார்கள், கவனியுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய். பேரணாம்பட்டுக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். டேனரியில் வேலை. குரோமியத்தில் ஊறி நீல நிறமாகிவிட்ட ஈரத்தோலை ட்ரம்மிலிருந்து இழுத்துப் போடும்போது, தரையில் வழுக்கி முட்டி திரும்பிவிட்டது. அவருக்கும் அதே ஜவ்வு, அதே வலது கால்.

"நீ எப்படி தம்பி வுழுந்தே?"

"ரெண்டாவது ரன் ஓடினேன் பாய்."

"அதுக்கு எவ்ளோ குடுப்பாங்க?"

நான் டவலை அழுத்தினேன்.

★ ★ ★

ஆறாவது வாரம் வெளியே நடக்க அனுமதி கிடைத்தது. வேலூர்க் கோட்டைக்குப் போனேன். 1806 ஜூலை 10-ம் தேதி விடிவதற்கு முன்னாலேயே சிப்பாய்கள் எழுந்து வெள்ளைக்காரனை ஆட்டம் காண வைத்த இடம். எனக்கு அந்த அளவுக்குத் திட்டமில்லை. அகழி ஓரமாகப் பத்து நிமிஷம், சமதரையில்.

மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். "நடக்கும்போது வலிக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க சார். மறுநாள் காலையில வீங்கியிருக்கான்னு பாருங்க. வீங்கலைன்னா ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. வீங்கினா குறைங்க." எனக்குச் சட்டென்று புரிந்தது. பி.காம். படித்தவன் ஆயிற்றே! முட்டியிடம் ரொக்கத்துக்கு வியாபாரம் கிடையாது. எல்லாம் கடன்தான். அன்றைய செலவுக்கு மறுநாள் காலையில்தான் பில் அனுப்பும்.

புரிந்தவன் அதன்படி நடந்தானா என்றால், அதுதான் இல்லை.

பத்தாவது வாரம் கிரிக்கெட் கோஷ்டி ஏலகிரி கிளம்பியது. "நீ கார்லயே உக்காந்துக்கடா" என்று ஒருவன் பரிதாபப்பட்டான். அந்த ஒரு வார்த்தை போதாதா? பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். வள்ளல்களைத் தாண்டிப் போயும் எனக்கு புத்தி வழங்க ஒருவரும் முன்வரவில்லை. சுவாமிமலைப் பாதையில் அவர்களோடு ஏற ஆரம்பித்துவிட்டேன்.

ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. 'பார்த்தீங்களாடா!' என்று திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டே ஏறினேன். இறங்கும்போதுதான் வந்தது. மலைப்பாதையில் டிரைவரைப் பாருங்கள். ஏறுவதற்கு என்ஜினை நம்புவார், இறங்குவதற்கு கியரையும் பிரேக்கையும் நம்புவார். முட்டிக்கு பிரேக், தொடையின் முன் தசைதான். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தாங்கி, மெதுவாக இறக்கிவிட வேண்டியது அதன் வேலை. என் தொடை இன்னும் பாதி ஸ்ட்ரைக்கில் இருந்தது. பாதி வழியில் கல் ஒன்று உருள, முட்டி சரக்கென்று நழுவியது. மிச்சப் பாதையை உட்கார்ந்தபடியே தேய்த்து இறங்கினேன். பேண்ட்டின் பின்பக்கத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

மறுநாள் காலை பில் வந்தது. முட்டி, மஞ்சள் பூசணி சைஸில்.

★ ★ ★

திங்கட்கிழமை ஹாலில் நுழைந்தால், பக்கத்துக் கட்டிலில் பாய். அவருடைய முட்டியும் பூசணி. ஐந்தாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். மறுபடி அதே ட்ரம், அதே ஈரத் தரை.

"என்ன பாய், அவசரப்பட்டுட்டீங்களே?" என்றேன், ஏதோ நான் பொறுமையின் சிகரம் மாதிரி.

பாய் என் முட்டியைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு வயிறு தள்ளிச்சு தம்பி, போனேன். உன்னை யாருப்பா தள்ளுனது?"

சத்தியமாகச் சொல்கிறேன், எம்.ஆர்.ஐ.யில்கூட என்னை யாரும் இவ்வளவு தெளிவாகப் படம் பிடித்ததில்லை.

மேடமும் விடவில்லை. "பாகாயத்துல ரிஹேப் இன்ஸ்டிட்யூட் இருக்கே, அது யாரால வந்துச்சு தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார். டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர். 1954-ல் வேன் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டலில், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றுக்கொண்டார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் அந்த இன்ஸ்டிட்யூட் எழுந்தது. விபத்திலிருந்து பன்னிரண்டு வருஷம்! பழைய மாதிரி நடப்பதற்கு அவர் திரும்பவே இல்லை. வேலைக்குத்தான் திரும்பினார். பத்து வாரத்தில் சுவாமிமலை கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டேன்.

★ ★ ★

பாய் விஷயம் மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. பகலில் நான் சின்னச் சின்ன கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவன். கை சும்மா இருக்காது. "சம்பளச் சீட்டு இருந்தா காட்டுங்க பாய்" என்றேன். இருந்தது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம், 0.75 சதவீதம், மாசா மாசம்.

"இதுலேர்ந்து ஏதாவது வாங்கினீங்களா?"

"அது மாத்திரைக்குத்தானே தம்பி?"

மாத்திரைக்கு மட்டுமில்லை, ஸார். ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி உடம்பு சரியில்லாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. ஆனால் வேலையில் அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போனால் அது வேறு தலைப்பு. 90 சதவீதம். டாக்டர் சான்று கொடுக்கிற வரைக்கும், தேறும் வரைக்கும். அதற்கு கம்பெனி விபத்து என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாயிடம் சூப்பர்வைசர், "கேஸு கீஸுன்னு ஆயிடும். வீட்டுல வழுக்கினதா சொல்லிக்க" என்றிருக்கிறார். பாயும் சரி என்று தலையாட்டி வந்திருக்கிறார். பதினெட்டு வருஷப் பழக்கமாம்!

நானும் தடியோடு, அவரும் தடியோடு கம்பெனி வாசலுக்குப் போனோம். இரண்டு நொண்டிகளை வாசலில் நிறுத்தி வைப்பது யாருக்கும் சௌகரியமான விஷயமில்லை. மூன்றாவது விசிட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பணம் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை பாயின் மச்சான் கைமாற்று கொடுத்தார். ஆனால் இந்தத் தடவை பாய் முழுசாகத் தேறும் வரை ட்ரம் பக்கம் போகவில்லை.

ரிஷப் பந்தை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் 30-ம் தேதி விபத்தில் வலது முட்டி சின்னாபின்னம். 2024 மார்ச்சில் ஐ.பி.எல்., செப்டம்பரில் நம்ம சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 109. மன உறுதி என்று எல்லோரும் எழுதினோம், சரிதான். ஆனால் நடுவில் பதினாலு மாதத்துக்கு மேல் அவரை யாரும் மைதானத்துக்குள் தள்ளவில்லை. முட்டிக்கு மருந்தே அந்தக் கால அவகாசம்தான். பந்துக்கு அதை கிரிக்கெட் போர்டு கொடுத்தது. பாய்க்கு ஒரு காகிதம் கொடுத்தது. எனக்கு யாரும் கொடுக்காமலே இருந்தது. நான்தான் அதைக் கொண்டுபோய் சுவாமிமலையில் கொட்டிவிட்டு வந்தேன்.

★ ★ ★

பதினோரு மாதம் கழித்து மறுபடி ஏலகிரி போனோம். பாயும் நானும். சுவாமிமலை உச்சிக்கு இல்லை, கால்வாசி தூரம். தடி, சின்னச் சின்ன அடி, இறங்கும்போது கெட்ட கால் முன்னால். காலேஜ் பையன்கள் எங்களைத் தாண்டி தடதடவென்று ஓடி இறங்கினார்கள். "வயசு..." என்றார் பாய். "முட்டி..." என்றேன் நான். மறுநாள் காலையில் எழுந்து முதல் காரியமாக லுங்கியை விலக்கிப் பார்த்தேன். பில் வரவில்லை. பாய்க்கு போன் செய்தேன். அங்கேயும் நில்!

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்றுக்குப் போகிறேன், அம்பயராக. போன வாரம் ஒரு பையன் ஒரு ரன்னை முடித்துவிட்டு, "வா, வா!" என்று கத்தியபடி இரண்டாவதுக்குத் திரும்பினான். என்னையறியாமல் கையை நீட்டித் தடுத்துவிட்டேன்.

"ஒண்ணு போதும்ப்பா!"

அம்பயர் அப்படியெல்லாம் சொல்லக்கூடாதாம். அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்களாம்.