பாதி விஞ்ஞானம்

நெல்லுக்கு இத்தனை தண்ணீர் எதற்கு என்று பட்டணத்து மேதாவிகள் பிரசங்கம் செய்கிறார்கள். காவிரிப் படுகை விவசாயி வயல் நிறையத் தண்ணீரைக் கட்டி வைப்பது அவனுடைய அறியாமையாம். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தேங்கிய தண்ணீர் மண்ணின் ரசாயனத்தையே மாற்றுகிறது. நீர் நின்ற ஓரிரு நாளில் மண்ணிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். சுவாசத்துக்கு வேறு வழி தேடும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மாங்கனீஸ், அப்புறம் இரும்பு. துருவாகக் கிடந்த இரும்பு கரையும்போது, அதன் பிடியில் இருந்த மணிச்சத்தும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. அமில மண்ணானாலும் கார மண்ணானாலும் நடுநிலையை நோக்கி வருகிறது. இலங்கை விஞ்ஞானி பொன்னம்பெரும 1972-இல் இதையெல்லாம் விரிவாக எழுதிவைத்துவிட்டார்.

சேற்றுக்குக் குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நீர் நின்றால் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகும். நெற்பயிரைத் தாக்கிய 'கைரா' நோய்க்கு இந்தக் குறையே காரணம் என்று பந்த்நகரில் நேனே 1966-இல் எழுதினார். மீதேன் வாயுவும் கிளம்புகிறது. ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடு என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

சேற்றில் அம்மோனியமாகத் தங்கியிருக்கும் தழைச்சத்து, வயல் வெடிக்கக் காய்ந்தால் நைட்ரேட்டாகிறது. மறுபடி தண்ணீர் கட்டினால் அது வாயுவாகிப் பறந்துவிடுகிறது. நின்ற நீரில் வீசிய யூரியாவிலும் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகப் போகிறது. தண்ணீரை வடித்துவிட்டு ஈரச் சேற்றில் உரத்தைப் போட்டு, உடனே பாய்ச்ச வேண்டும். வடித்த தண்ணீருக்குப் பதில் தண்ணீர் எப்போது வரும்? அதை யார் சொல்வது?

1992-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, யூரியாவை மட்டும் மலிவாக வைத்தது சர்க்கார்தானே? மலிவான மூட்டையை அவன் கூடுதலாகக் கொட்டினால் அதற்கும் அவனா குற்றவாளி?

தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள். அதே வாயால் வாய்க்காலில் முறை எந்தத் தேதியில் வரும் என்றும் சொல்லி, அந்தத் தேதியில் தண்ணீரை விடுங்கள். அதுவரை கிடைத்த தண்ணீரை அவன் வரப்பு உயர்த்திக் கட்டித்தான் வைப்பான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.