எந்த மோடில் இருக்கிறோம்?



நம்ம கம்ப்யூட்டர் லேபில் ‘விம்’ எடிட்டரை எடுத்துவிடணும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. காரணம் கேட்டால், “அடிச்சா எழுத்து விழ மாட்டேங்குது, இருக்கிறதும் அழிஞ்சு போகுது” என்கிறார்கள். எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

விம்மில் ஒரே விசைக்கு இரண்டு வேலை. நார்மல் மோடில் எல்லாமே கட்டளை. ‘எக்ஸ்’ அடித்தால் ஓர் எழுத்து போகும். ‘டி’யை இரண்டு முறை அடித்தால் வரியே போகும். ‘யூ’ அடித்தால் போனது திரும்பி வரும். ‘ஐ’ அடித்தால் இன்செர்ட் மோடு. அதில் அடிப்பது எழுத்தாக விழும். எஸ்கேப் அடித்தால் மறுபடி நார்மல்.

ஏன் இந்தச் சுற்றுவழி? 1976-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பில் ஜாய் ‘விஐ’ எடிட்டரை எழுதினார். அவருடைய ஏடிஎம்-3ஏ முனையத்தில் மவுஸ் கிடையாது. தனி அம்புக்குறி விசைகளும் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகள் மேலேயே அம்பு போட்டிருக்கும். அதனால் எழுத்து விசைகளே கட்டளை விசைகளும் ஆயின. இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில் அன்றைக்கு எஸ்கேப் இருந்தது, கைக்குப் பக்கத்திலேயே! 1991-ல் நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார் வெளியிட்ட விம்மும் அதே வழியில் வந்தது.

இதனால் லாபம் உண்டு. ‘டி’ என்றால் அழி, ‘டபிள்யூ’ என்றால் சொல். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒரு சொல் அழியும். நடுவில் 3 போட்டால் மூன்று சொல். வினையும் பெயரும் சேர்ந்து வாக்கியம் ஆகிற மாதிரிதான்!

மோடே கூடாது என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. கட், காப்பி, பேஸ்ட் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், தன் கார் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று போட்டிருந்தார். எந்த மோடு என்பது மறந்துபோனால் தப்பு நடக்கும் என்பது நியாயம்தான். ஆனா கேப்ஸ் லாக்கும் மோடுதானே? தமிழ், ஆங்கிலம் மாற்றி மாற்றி அடிக்கிறோமே, அதுவும் மோடுதானே? அதையெல்லாம் பழகிய நமக்கு இது பெரிய விஷயமா?

என் யோசனை இது. ஒவ்வொரு மானிட்டர் பக்கத்திலும் மூன்று வரி எழுதி ஒட்டுவோம்:

1. அடிக்கும் முன் திரையின் கீழ் வரியைப் பார். ‘இன்செர்ட்’ என்று இருக்கிறதா?
2. எழுதி முடித்ததும் எஸ்கேப் அடி. எட்டவில்லையா? கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறி அடி, அதே வேலைதான்.
3. தமிழில் அடித்தாயா? முதலில் ஆங்கிலத்துக்கு மாற்று, பிறகு கட்டளை கொடு. தமிழ் எழுத்து விழுந்தால் ‘டி’ என்ற கட்டளை அதற்குப் புரியாது.

ஒரு மாதம் இப்படிப் பழகிப் பார்ப்போம். அப்புறமும் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்க, பக்கத்திலேயே ஒட்டுவோம்!

— 11-ஆம் வகுப்பு மாணவன்