எரிப்பதன்று, பொறிப்பது!

திருப்பூர்ப் பின்னலாடைக் கூடமொன்றில் கணிப்பொறி பழுதுற்றதென வைத்துக்கொள்வோம். அதனைச் செப்பஞ்செய்ய வரும் தமிழிளைஞன் தன் தோழனிடம் பேசும் பேச்சைக் கேண்மின்: “ஐஎசுஓவைப் பர்ன் பண்ணிப் பூட் பண்ணு!” இதில் தமிழ் எங்கே? ‘பண்ணு’ ஒன்றே எஞ்சியது!

இது வெறும் சொற்கசடு எனக் கருதற்க. பொருள் விளங்காச் சொல் வேலையையும் கெடுக்கும். ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுமையும், அதன் அடைவோடும் தொடக்கக் குறிப்போடும், இம்மியும் பிசகாமல் ஒரே கோப்பாய் அமைந்ததே படிமம். அதனை ஏனைய கோப்புகளைப்போல் வெற்றுவட்டில் படியெடுத்து வைத்தால், வட்டில் ஒரு கோப்பு கிடக்குமேயன்றிக் கணிப்பொறி தொடங்காது. அதற்குரிய தனிக் கட்டளையால் படிமம் விரிந்து வட்டாகவே ஆதல் வேண்டும். ‘பர்ன்’ என்னும் ஒலியை நெட்டுருச் செய்தவனுக்கு இவ்வேறுபாடு தோன்றுமா? வட்டுகளைப் பாழாக்குவதே அவன் கண்ட பயன்!

இனி, தமிழாக்குகின்றோம் என்று ‘வட்டை எரித்தல்’ என்பாரும் உளர். எரிந்தால் எஞ்சுவது சாம்பலன்றோ? எழுதுவட்டில் இருப்பது மெல்லிய சாயப்படலம். சீரொளியின் வெப்பம் அதிற் குறிகளை இடுகின்றது. சாயத்தொழிலால் பெயர்பெற்ற ஊரார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்தவர் நம் முன்னோர். ‘பொறித்தல்’ என்னும் சொல் கையிலிருக்க, இரவற்சொல் எதற்கு?

படிமங்களும் பல வடிவின. வேறு வடிவிலுள்ளதை ஐ.எசு.ஓ. வடிவிற்கு உரிய மென்பொருளால் மாற்றுதல் வேண்டும். கோப்புப்பெயரின் வாலை மட்டும் திருத்தினால் உள்ளீடு மாறாது. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டுத் தமிழ் வளர்த்தோம் என்பாரும் இத்தகைய வால்திருத்திகளே!

1988இல் வெளிவந்த ஐ.எசு.ஓ. 9660 நெறி, தன் முதனிலையில் கோப்புப்பெயர்க்கு ஒப்பியவை 26 உரோமப் பேரெழுத்துகளும் 10 எண்களும் ஓர் அடிக்கோடுமே. தமிழுக்கு அங்கு இடமில்லை! 1995இல் மைக்ரோசாப்டு வகுத்த சோலியட்டு விரிவே பன்மொழி எழுத்துகளுக்கு வழிதிறந்தது. அதே ஆண்டில் தொடக்குவட்டுக்கென வகுத்த நெறியின் பெயர் ‘எல் தொரித்தோ’. அஃது ஓர் உணவகத்தின் பெயர்! அவர்களின் உணவகப் பெயரை ஞாலம் ஒப்புகின்றது; நாமோ நம் தாய்ச்சொல்லைச் சொல்லவும் நாணுகின்றோம்!

விலைகொடுக்க இயலாத சிறுபட்டறையார் திருட்டுப்படியை நாடுவானேன்? தமிழ் முகப்புடைய விலையில்லா லினக்சு இயங்குதளங்கள் உள. நடுவணரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாசு’ தமிழிலும் இயங்குவது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்திலும் அஃது இடம்பெற்றது. அதனைத் திறந்து பார்த்தவர் எத்துணையர்? திறந்து காட்டிய ஆசிரியர்தாம் எத்துணையர்?

இன்று வட்டு அருகி விரலி வந்துவிட்டது. கருவி மாறினும் படிமத்தைப் பொறிக்கும் கலை அழியவில்லை. அதைச் சொல்லும் மொழியே நம் வாயில் அழிகின்றது.

திருப்பூர், அவிநாசி, பல்லடத்துக் கணிப்பொறிப் பயிற்றகத்தீர்! படிமம், பொறித்தல், தொடக்குவட்டு என்னும் மூன்று சொற்களேனும் உங்கள் கரும்பலகையில் ஏறட்டும். தமிழ்வழி பயின்ற பின்னலாடைத் தொழிலாளியின் மகளுக்கு இவ்வேலை தமிழிலேயே விளங்கும். விளங்கினால் அவள் எவர்க்கும் எடுபிடி ஆகாள். சொல் அடிமைப்பட்டால் கையும் அடிமைப்படும். சொல்லை மீட்போம், கை தானே மீளும்!