இரண்டு மில்லிமீட்டர்

2016இல் வந்த ஆப்பிள் மேக்புக் ப்ரோவை ஆசை ஆசையாக வாங்கிய சிலருக்குக் கொஞ்ச நாளில் ஒரு நாடக மேடையே கிடைத்தது. திரையின் அடியில் வரிசையாக வெளிச்சத் திட்டுகள். மூடியை இன்னும் கொஞ்சம் திறந்தால் மொத்தமும் இருட்டு.

குற்றவாளி, திரையின் பின்னொளிக்கான மெல்லிய ரிப்பன் கேபிள். மூடித் திறக்கும்போதெல்லாம் உரசி உரசியே தேய்ந்துபோனது. திரையோடு சேர்த்தே செய்யப்பட்டிருந்ததால் கேபிளை மட்டும் மாற்ற வழியில்லை. வாரண்டி முடிந்தவர் முழுத் திரைக்கும் நூற்றுக்கணக்கான டாலர் அழவேண்டியிருந்தது. அநியாயம்தான்.

2018 மாடலில் அதே கேபிள் சத்தமில்லாமல் 2 மில்லிமீட்டர் நீண்டிருந்ததை, கருவிகளைப் பிரித்துப் பார்த்துப் பழுதுநீக்க வழிகாட்டும் ஐஃபிக்ஸிட் தளம் அளந்து காட்டியது. இலவசப் பழுதுநீக்கம் 2019 மே மாதம்தான் அறிவிக்கப்பட்டது. அதுவும் 13 அங்குலத்துக்கு மட்டும். கூடுதல் விலை கொடுத்து 15 அங்குலம் வாங்கியவர்கள் பட்டியலிலேயே இல்லை.