தரமதிப்பீட்டுப் பணியில் ஆய்வாளரின் தன்னார்வம்: பாலக்கோடு வட்டத்தை முன்வைத்து

முன்னுரை

கல்வியின் தரத்தை அளந்து கூறும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குத் தெரிவிக்கப்பட்டதாகச் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது; மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை உவமித்துத் தரம் பிரிக்கிறது. அளப்பவர் யார், அளக்கப்படுவது எது, எந்த அவையில் என்பன இம்மரபில் வெளிப்படை. இன்றைய உயர்கல்வித் தரமதிப்பீட்டில் தரவு திரட்டும் முனைவர் பட்ட ஆய்வாளர்களின் பெயரோ பணியோ எந்த அவையிலும் பதிவாவதில்லை. அவர்களின் உழைப்பு ஆய்வாக மாறினால் மட்டுமே அதனைத் தன்னார்வம் என்பது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

விருப்பமும் கட்டாயமும்

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு, தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையை (நாக்) பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவியது. தொடக்கத்தில் விரும்பிய நிறுவனங்களே மதிப்பீட்டிற்கு முன்வந்தன. மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனைக் கட்டாயமாக்கின. பாடத்திட்டம், கற்றல் கற்பித்தல், ஆய்வும் விரிவாக்கமும், கட்டமைப்பு, மாணவர் ஆதரவும் முன்னேற்றமும், ஆளுகை, நிறுவன விழுமியங்கள் என ஏழு அளவுகோல்கள் அமைந்தன. 2017இல் திருத்தப்பட்ட முறையில் எண்வழித் தரவுகளின் பங்கு பெருகியது. ஒவ்வோர் எண்ணுக்கும் சான்றாவணம் தேவைப்பட்டதால் எழுத்துப்பணியும் பன்மடங்காயிற்று.

நிரந்தர ஆசிரியர் குறைவாக உள்ள துறைகளில் இச்சுமை கௌரவ விரிவுரையாளர் மீதும் ஆய்வாளர் மீதும் இறங்குவது இயல்பு. அதற்குத் தன்னார்வப் பணி என்று பெயரிடப்படுகிறது. நிறுவனங்களின் விருப்பம் கட்டாயமானபோது அதனை விதிமுறை வெளிப்படையாக அறிவித்தது. ஆய்வாளரின் விருப்பம் கட்டாயமாவதை எந்த ஆவணமும் அறிவிப்பதில்லை. நெறியாளரின் கையொப்பத்தை எதிர்நோக்கி நிற்பவர், அவர் கேட்கும் உதவியை மறுத்தல் எளிதன்று. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் தன்னார்வம் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை.

இப்பணி நிருவாக அனுபவம் தருகிறது என்றும், சிறிய துறைகளுக்கு வேறு வழியில்லை என்றும் கூறுவர். இரண்டும் ஓரளவு உண்மையே. எனினும் படிவத்தை நிரப்பிய அனுபவம் ஆய்வு அனுபவமாகாது. வினாவைத் தானே எழுப்பி, விடையைத் தானே சோதிப்பவரே ஆய்வாளர்.

பாலக்கோடு எழுப்பும் வினாக்கள்

தக்காளிச் சந்தையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்த வேளாண் வட்டம் பாலக்கோடு. இத்தகைய வட்டத்தின் மாணவரைப் பற்றி அளவுகோல்கள் கேட்பதும் கேட்காததும் சிந்தனைக்குரியவை. ஐந்தாம் அளவுகோல் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பைக் கேட்கிறது. அதற்குப் பணி ஆணை சான்றாகிறது. ஒசூரிலோ பெங்களூருவிலோ ஒப்பந்தப் பணியில் சேர்ந்து, எழுத்து வடிவில் ஆணை பெறாத பட்டதாரி அக்கணக்கில் இடம்பெறார். குடும்பத்தின் முதல் பட்டதாரி ஐந்தாண்டுகளுக்குப் பின் எங்கிருக்கிறார், கற்ற கல்வி அவருக்கு எவ்வாறு உதவியது என்பன கள ஆய்வால் மட்டுமே அறியத்தக்கவை.

இம்மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் உள்ளன. அவ்வீடுகளிலிருந்து வரும் மாணவருக்குத் தமிழிலக்கணம் கற்பிக்கும் முறை இரண்டாம் அளவுகோலுக்கு உரிய பொருள். நடுகற்கள் மிகுந்த தருமபுரியில் ஒரு மாணவர் நடுகல் எழுத்தைப் படியெடுத்தால், அவ்வுழைப்பு களப்பணி எண்ணிக்கையில் ஒன்றாக மட்டுமே சேர்கிறது. படித்த எழுத்தின் செய்தி அறிக்கையில் இடம்பெறுவதில்லை. மாணவர் மனநிறைவுக் கருத்துக்கணிப்பின் இறுதி வினா, கற்றல் கற்பித்தலை மேம்படுத்த மூன்று கருத்துகளைக் கேட்கிறது. அவ்விடைகளைச் சொற்பொருள் நோக்கில் பகுத்தாராயும் பயிற்சி தமிழ் ஆய்வாளருக்கு உண்டு. அவரை அதற்கு அழைக்காமல் ஒளிப்படங்களுக்குத் தலைப்பெழுத அழைப்பது பயிற்சியை வீணாக்குவதாகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, தன்னார்வப் பணியின் கால அளவும் இயல்பும் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். மறுப்போரின் ஆய்வுக்கு இடையூறு நேராது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, ஆய்வாளர் தம் வினாவைத் தாமே தேர்ந்து, அடையாளம் நீக்கிய தரவுடன் தம் பெயரில் தமிழில் வெளியிட இடமளிக்க வேண்டும். மூன்றாவதாக, நிறுவனத்திற்குச் சாதகமற்ற முடிவையும் வெளியிடும் உரிமை வேண்டும். தன் கல்லூரியைத் தானே அளப்பதில் உள்ள தயக்கம் நீங்க, அண்டை நிறுவன ஆய்வாளர்கள் ஒருவர் கல்லூரியை மற்றவர் ஆராயலாம். பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளிடையே இவ்வேற்பாடு எளிது.

முடிவுரை

கே. இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, தரநிலைகளுக்கு மாற்றாக இருநிலைத் தரச்சான்று முறை 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் மதிப்பீட்டுக் குழுவினர் சிலர் இலஞ்ச வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறையால் கைது செய்யப்பட்டனர். நேரடி வருகையின் இடத்தைத் தரவு பெறப் பெற, அத்தரவைத் திரட்டுவோரின் நேர்மையும் சுதந்திரமும் இன்றியமையாதனவாகின்றன. துலாக்கோலைப் பிடித்திருக்கும் கை பிறர் அழுத்தத்தால் சாயுமாயின் நிறை பொய்க்கும். பாலக்கோட்டு மாணவரின் உண்மை நிலை பெங்களூருவிலுள்ள அவைக்குத் தெரியவேண்டுமெனில், அதனை எழுதும் ஆய்வாளர் முதலில் விருப்புடையவராகவும், மறுக்கும் உரிமை உடையவராகவும் இருத்தல் வேண்டும்.