கொடுத்த பாட்டும் எடுத்த பாட்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இன்டர்நெட் இணைப்பு வந்ததும் தேடல் கட்டத்தில் 'ஃப்ரீ சாங்ஸ் டவுன்லோட்' என்று டைப் செய்வார்கள். வந்து விழும் சைட்டுகளில் ஒன்றைத் திறப்பார்கள். பக்கம் முழுக்க 'டவுன்லோட்' பட்டன்கள்! எது உண்மையான பட்டன், எது விளம்பரம் என்று தெரியாமல் எதையாவது கிளிக் செய்வார்கள். பாட்டு வருகிறதோ இல்லையோ, கேட்காத சாஃப்ட்வேர் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று சர்வீஸ் ஆளைத் தேட வேண்டியதுதான்.

இப்படி அவதிப்படுபவர்களிடம் 'ஓசியில் கேட்டால் அப்படித்தான்' என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இலவசம் ஒரு குற்றமல்ல. யார் கொடுத்தார் என்று விசாரிக்காமல் வாங்கிக்கொள்வதுதான் தவறு.

இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் இசை இரண்டு வகை. உருவாக்கியவரைக் கேட்காமல் யாரோ எடுத்துப் போட்டது ஒரு வகை. உருவாக்கியவரே மனமுவந்து கொடுத்தது இன்னொரு வகை. முதல் வகை நம் எல்லோருக்கும் பழக்கம். இரண்டாவது வகை எவ்வளவு பெரியது என்பது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளுங்கள், முறையோடு எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நீங்களும் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கொடுத்தவர்கள் யார்?

1990-களில் டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்ததா? மஞ்சள் நிறக் 'கேசட்'டைச் செருகினால் மரியோ குதிப்பார், கான்ட்ரா வீரர்கள் சுடுவார்கள். பின்னால் 'டுடு டுடு' என்று ஒரு இசை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இசை எங்கேயும் பதிவு செய்யப்பட்டு வந்ததல்ல. உள்ளே இருந்த ஒரு சிப், புரோகிராம் சொன்னபடி அந்த நிமிடத்தில் வாசித்தது. அந்த மெஷின்களுக்கு மூலம் 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம். அதன் ஒலிப் பகுதியில் இருந்தவை மொத்தம் 5 சேனல்கள்தான். இப்படிப்பட்ட சிப்புகளின் குரலில் அமைக்கும் இசைக்குத்தான் 'சிப்ட்யூன்' என்று பெயர்.

ஐரோப்பாவில் இதே வேலையை கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் செய்தது. 1982-ல் வந்த அதில் 'சிட்' என்ற சிப் இருந்தது. ஒரே நேரத்தில் 3 குரல்கள் மட்டுமே எழுப்பும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் செய்த கேம் இசையை இன்றும் ரசிகர்கள் சேர்த்து வைத்துக் கேட்கிறார்கள். 'ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்' என்ற இலவசத் தொகுப்பில் 50,000-க்கும் மேற்பட்ட ட்யூன்கள் இருக்கின்றன.

1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகா கம்ப்யூட்டருக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற சாஃப்ட்வேரை எழுதினார். இசைப் பள்ளிக்குப் போகாத பையன்களும் வீட்டு மேஜையில் உட்கார்ந்து இசையமைக்க அது வழி செய்தது. அப்படி வந்த ஃபைல்களுக்கு 'மாட்' என்று பெயர். அவற்றை அவர்கள் ஃப்ளாப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். பிறகு மோடம் வழியாக, பிறகு இன்டர்நெட்டில். 1996-லிருந்து இயங்கும் 'மாட் ஆர்கைவ்' தளத்தில் இத்தகைய ஃபைல்கள் ஏராளமாகக் குவிந்திருக்கின்றன. அதே ஆண்டில் சைமன் கார்லஸ் தொடங்கிய 'மோனோடோனிக்' போன்ற 'நெட்லேபிள்'கள் நல்ல இசையைத் தேர்ந்தெடுத்து, ஆல்பமாக்கி, காசு வாங்காமல் வெளியிட்டன. அவற்றை இப்போதும் 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தின் நெட்லேபிள் பிரிவில் எடுத்துக்கொள்ளலாம்.

புடவையும் கிராஃப் தாளும்

மாட் ஃபைலுக்கும் எம்பி3 ஃபைலுக்கும் என்ன வித்தியாசம்? நான் காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்காரன். அதனால் இதைத் தறியை வைத்துச் சொல்வதுதான் எனக்குச் சுலபம்.

எம்பி3 என்பது நெய்து முடித்த புடவை. கட்டிக்கொள்ளலாம், மடித்து வைக்கலாம். பிரித்து எப்படி நெய்தார்கள் என்று பார்க்க முடியாது. மாட் ஃபைல் என்பது டிசைன் போட்ட கிராஃப் தாளும் அதற்கு வேண்டிய நூலும் சேர்ந்தது. நீங்கள் 'ப்ளே' அழுத்தும்போது உங்கள் கம்ப்யூட்டரே தறியாகி அந்த இசையை நெய்கிறது. டிராக்கர் சாஃப்ட்வேரின் திரையைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். முதலில் வந்த மாட் ஃபைல்களில் நெடுக்கே 4 பத்திகள், குறுக்கே 64 வரிசைகள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஸ்வரம், எந்த ஒலி என்று குறித்திருக்கும். கரைக்கும் புட்டாவுக்கும் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள் அல்லவா? அதே வேலைதான். ஜக்கார்டு அட்டையைப் பார்த்துத்தான் அந்தக் காலக் கம்ப்யூட்டர்களுக்கும் துளையிட்ட கார்டுகள் வந்தன. ஆக, இது நம் ஊருக்கு அந்நியமான விஷயமே அல்ல!

கிராஃப் தாள்தான் என்பதால் ஃபைலும் சிறியது. 5 நிமிட எம்பி3 பாட்டு, 128 கேபிபிஎஸ் தரத்தில், ஏறக்குறைய 5 எம்பி இடம் பிடிக்கும். சிப்ட்யூன் வகை மாட் ஃபைல்கள் பல 50 கேபியைக்கூடத் தொடாது. இன்னொரு வசதி இதைவிடப் பெரியது. ஃபைலைத் திறந்து, ஒரு பத்தியை மட்டும் ஓடவிட்டு, மற்றவற்றை நிறுத்தி, ஒவ்வொரு குரலும் என்ன செய்கிறது என்று பார்த்துக் கற்கலாம். இசையோடு சேர்த்துத் தொழில் ரகசியத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். எந்த சினிமாப் பாட்டு சிடியும் உங்களுக்கு இதைக் கொடுத்ததில்லை.

கொடுத்தால் நஷ்டமா?

'இப்படிச் சும்மா கொடுத்தால் கலைஞன் எப்படிப் பிழைப்பான்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழர் ஒருவரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் மறுபடி லண்டன் போனவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே மெஷினை வைத்துக்கொண்டு தன் ஆரம்பப் பாட்டுகளை உருவாக்கினார். 2007-ல் வந்த 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தவர். 2010 டிசம்பர் 31 அன்று 'விக்கி லீக்ஸ்' என்ற எலெக்ட்ரானிக் இசைத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்துகொள்ளலாம் என்று இலவசமாக இன்டர்நெட்டில் விட்டார். அதில் சிறு துண்டாக இருந்த 'பேட் கேர்ள்ஸ்' முழுப் பாட்டாக 2012-ல் விற்பனைக்கு வந்து உலகெங்கும் ஓடியது. அதன் வீடியோ கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. முதலில் ஓசியில் கொடுத்ததால் அந்தப் பாட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மைதான். 2010-ல் எம்.ஐ.ஏ. ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர். அவருக்குக் கச்சேரி உண்டு, கம்பெனி உண்டு. கொடுத்துவிட்டும் சமாளிக்க முடிந்தது. ஒரு சிற்றூரில் உட்கார்ந்து ராத்திரி கண் விழித்து ட்யூன் போடும் பையனுக்கு என்ன உண்டு? மாட் ஃபைல் போட்டவர்களில் பெரும்பாலோர் படித்துக்கொண்டோ, வேறு வேலை பார்த்துக்கொண்டோ இதைச் செய்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரையும் நாம் அழித்துவிட்டால்?

இதன் வலி நெசவாளர்களுக்கு நன்றாகத் தெரியும். கோர்வை போட்டு நாள்கணக்கில் கையால் நெய்த டிசைனை விசைத்தறியில் போட்டு, செயற்கை இழையில் ஓட்டி, 'காஞ்சிப் பட்டு' என்று விற்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. டிசைன் திருட்டைக் கண்டு கொதிக்கிற நாம், பாட்டு என்று வரும்போது மட்டும் யாருடையது என்று கேட்காமல் காப்பி செய்கிறோம். இரண்டுக்கும் ஒரே நியாயம்தான் இருக்க முடியும்.

கூரம் செப்பேடு சொல்வது

எங்கள் ஊரின் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் வருவதற்கு ஒரு காரணம், பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் 7-ம் நூற்றாண்டில் வெளியிட்ட கூரம் செப்பேடு. கோயிலுக்கும் ஊருக்கும் அவன் செய்த ஏற்பாடுகள் அதில் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் இருக்கின்றன. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றும் அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். கேட்பவர்களிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் வாசிப்பவர் வயிறு காயக் கூடாது என்று முன்கூட்டியே வழி செய்திருக்கிறார்கள். கேட்பவருக்கு இலவசம் என்றால் வாசிப்பவருக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. 1,300 ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊரில் இது தெரிந்திருக்கிறது. இன்று பங்கு ஒதுக்க ராஜா இல்லை. கேட்கிற நாம்தான் ஒதுக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நான் சொல்வது மூன்றே பங்குகள்.

முதல் பங்கு, நிபந்தனையைப் படிப்பது. 2002 டிசம்பரிலிருந்து 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற உரிம முறை இருக்கிறது. 'என் பெயரைச் சொல்லிப் பயன்படுத்து', 'வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதே', 'மாற்றாதே', 'மாற்றினால் இதே உரிமத்தில் நீயும் கொடு' என்ற நான்கு நிபந்தனைகளில் தனக்கு வேண்டியதை இசையமைத்தவர் தேர்ந்தெடுத்து எழுதி வைப்பார். பாட்டின் பக்கத்திலேயே அது இருக்கும். குழந்தையின் பிறந்தநாள் வீடியோவுக்கு சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் காப்பிரைட் புகார் வரலாம். பெயர் சொன்னால் போதும் என்ற உரிமத்தில் உள்ள இசையைப் போட்டால் அந்தக் கவலை குறைவு. பணம் வாங்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பவர்கள் 'வியாபாரத்துக்குக் கூடாது' என்ற வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உரிமம் எதுவும் எழுதாமல் கிடக்கும் ஃபைலைக் கேட்கலாம், கற்கலாம். வீடியோவில் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்வதே முறை. நல்ல தளங்களில்கூட அடுத்தவர் ட்யூனை அனுமதியின்றிப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாவது பங்கு, பெயரைச் சொல்வது. பழைய மாட் ஃபைலில் ஒலிகளுக்குப் பெயர் எழுத 31 வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் 22 எழுத்து. அந்தச் சின்ன இடத்தில் ஒலியின் பெயரை எழுதாமல், தன் பெயரையும் நண்பர்களுக்கு வணக்கத்தையும் எழுதி வைத்தார்கள் பலர். பெயருக்கு அவ்வளவு ஏக்கம்! வீடியோவின் கடைசியில் ஒரு வரி, முகவரி இருந்தால் நன்றி சொல்லி ஒரு மெயில். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது பங்கு, முடிந்தால் காசு. 'பேண்ட்கேம்ப்' தளத்தில் பல ஆல்பங்களுக்கு 'நீங்களே விலை போடுங்கள்' என்று இருக்கும். பூஜ்யம் போட்டும் எடுக்கலாம். பிடித்திருந்தால் ஒரு டீ, வடை செலவையாவது போடுங்கள் என்பேன். வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும் வசதி உள்ள கார்டு வேண்டும்.

இனி உங்கள் முறை

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்தில் குப்பையும் நிறைய உண்டு. பத்து ட்யூன் கேட்டால் இரண்டு தேறும். தமிழ் வரிகளோ பழகிய குரலோ இருக்காது. 'ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு?' என்றும் சிலர் கேட்பார்கள். ஸ்ட்ரீமிங்கில் சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். இப்படிக் கொடுக்கப்பட்ட ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உங்களிடமே இருக்கும்.

பாதுகாப்புக்கு ஒரு விதியை மறக்காதீர்கள். பாட்டு ஃபைலின் பெயர் 'டாட் இஎக்ஸ்இ' என்று முடியவே முடியாது. அப்படி ஒன்று வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

'ஓபன்எம்பிடி' என்ற டிராக்கர் சாஃப்ட்வேர் விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஒரு மாட் ஃபைலைத் திறந்து பத்தி பத்தியாக நிறுத்திக் கேளுங்கள். அடுத்து, செல்போனில் நீங்களே ஒரு ஒலியைப் பதிவு செய்யுங்கள். தறி அடிக்கும் சத்தம், கோயில் மணி, அம்மியில் அரைக்கும் ஓசை, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கட்டங்களில் போட்டு ஓடவிடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் நீங்கள் தள்ளி உட்கார்ந்தாலே போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்!

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரை ரேடியோ பெட்டியாக மட்டும் வைத்திருப்பது எனக்கு வீணாகப் படுகிறது. முப்பது வருடங்களுக்கும் மேலாக உலகெங்கும் யார் யாரோ நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் தமிழ்ப் பெயர்களை நான் தேடித் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் முதல் ட்யூன் சுமாராகத்தான் இருக்கும், பரவாயில்லை. கீழே உங்கள் பெயரையும், எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியையும் எழுதி வெளியே விடுங்கள்.